உதவி கேள், உரிமையை விடாதே

மகளே, பார்வையில்லாத உனக்கு எதையும் படித்துச் சொல்லும் கைபேசி கைக்கு வந்துவிட்டது. ஒரு கடிதம் வந்தால்கூட, படித்துக் காட்ட ஆள் வரும்வரை காத்திருந்த தலைமுறை நாங்கள். இந்தக் கைபேசி எவ்வளவு பெரிய விடுதலை என்று எங்களுக்குத் தெரியும். அது உன்னிடமே நிலைக்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

1. இயர்போன் இல்லாமல் வெளியே கிளம்பாதே. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்குக்கு ஓடிபியும் ஒன்றுதான், காலை வணக்கமும் ஒன்றுதான். இரண்டையும் உரக்கச் சொல்லும். ஒரு பையனின் வங்கி இருப்பு பேருந்து முழுக்க ஒலித்ததைக் கேட்டிருக்கிறேன். ஒரு காதில் மட்டும் மாட்டு. மற்றக் காது சாலைக்கு வேண்டும். திரையை இருட்டாக்கிவிட்டுக் குரலை மட்டும் கேட்கும் வசதியையும் பழகிக்கொள்.

2. கேமராவைத் திறக்கும் முன் மேசையைக் கையால் துழாவு. 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய 'பி மை ஐஸ்' செயலியில், முன்பின் அறியாத தன்னார்வலர் உன் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைத் தாராளமாகக் கேள். ஆனால் ஆதார் அட்டையும் ஏடிஎம் கார்டும் பக்கத்தில் கிடக்க வேண்டாம். நல்லவர்களை நம்பு, நம்பிக்கைக்கும் எல்லை உண்டு.

3. 'அணுகல்தன்மை' அனுமதியைக் கண்ட செயலிக்கெல்லாம் கொடுக்காதே. ஆண்ட்ராய்டில் அதைப் பெற்ற செயலி உன் திரையைப் படிக்கும். உனக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும். டாக்பேக்குக்கு அது தேவை. கடன் தருகிறேன் என்று வரும் செயலிக்கு எதற்கு? பணம் திருடும் செயலிகள் கேட்பதும் இதைத்தான். அவசரப்படுத்துகிறவர்களிடம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லப் பழகு.

4. பின் எண்ணை நீயே வை. கைபேசியை அமைத்துக் கொடுத்த அண்ணனிடமே எல்லாக் கடவுச்சொல்லும் தங்கிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அன்பில் தொடங்குவதுதான், நாளடைவில் யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்ற விசாரணையாக வளர்கிறது. 'ஊருக்குப் போகும் நாளில் மட்டும் இருப்பிடம் பகிர்கிறேன்' என்று நீயே எல்லையைச் சொல். கோபப்படாமல் சொல், சொல்லாமல் மட்டும் விட்டுவிடாதே. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான்.

5. வெள்ளைக் கோலையும் பிரெயிலையும் கைவிடாதே. புதிய கருவிகள் ஒருநாள் உன்னைக் கைவிடலாம். அமெரிக்காவின் 'செகண்ட் சைட்' நிறுவனம் ஓரளவு பார்வை தரும் 'ஆர்கஸ் 2' என்ற கருவியை 350க்கும் மேற்பட்டோரின் விழித்திரையில் பொருத்தியது. 2019இல் தயாரிப்பை நிறுத்தியது. கருவி கண்ணுக்குள் இருந்தது. பழுதானால் பார்க்க ஆளில்லை. எதை வாங்கினாலும் கேள்: இணையம் இல்லாமல் இது இயங்குமா? நிறுவனத்தை மூடினால் என் கதி என்ன?

6. பார்வையில்லாதவருக்கு ரகசியம் எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள். மனம் சுருங்காதே. கேட்டு வாங்கும் உதவியால் யாரும் சிறுத்துப்போவதில்லை. உதவிக்கு நன்றி சொல், மகளே. உன் வாழ்க்கையை அதற்கு விலையாகக் கொடுக்காதே.