குருதியில் உலவும் பகை

ஆற்றுமணலைத் தாளிற் பரப்பி, அதன்மேல் ஒரு காந்தத்தை உலவவிட்டால், மணலிற் கலந்து கிடந்த இரும்புத்துகள் யாவும் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மணலோ இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுவர் விளையாட்டிற் காணும் இவ்வுண்மையே புற்றுநோயின் போக்கை அறிய மருத்துவர்க்கு உதவுகின்றது.

புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே நின்றுவிடின், அறுவை மருத்துவத்தால் அதனைக் களைதல் பெரும்பாலும் இயலும். ஆனால், கட்டியினின்று சில உயிரணுக்கள் பிரிந்து, குருதியோடு சென்று, நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய உறுப்புக்களிற் குடிபுகுகின்றன. புற்றுநோயால் நேரும் இறப்புக்களுட் பெரும்பாலானவை இப்பரவலால் விளைவனவே. 1869ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் என்பார், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, கட்டியில் உள்ளவற்றை ஒத்த அணுக்களை அதிற் கண்டார்.

அவற்றைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 500 கோடிச் சிவப்பணுக்களும், பல பத்து இலட்சம் வெள்ளணுக்களும் உள்ளன. அவற்றிடையே பகையணுக்கள் ஒன்றிரண்டே இருத்தல் கூடும்.

அறிஞர் அதற்கும் ஒரு வழி கண்டனர். மார்பகம், குடல் முதலியவற்றிற் பிறக்கும் புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் 'எப்கேம்' என்னும் புரதம் உண்டு. குருதியணுக்களில் அஃது இல்லை. அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை மிகநுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களின்மேற் பூசிக் குருதியிற் கலந்தனர். துகள்கள் புற்றணுக்களைப் பற்றின. காந்தம் அவற்றை ஒருபுறம் ஈர்த்தது. இம்முறையில் 7.5 மில்லிலிட்டர் குருதியை ஆராயும் 'செல்சர்ச்' என்னும் கருவிக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது.

எனினும், சில புற்றணுக்கள் அப்புரதத்தை இழந்து வலையினின்று தப்பின. ஆதலால், பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வேறொரு கருவியை வெளியிட்டனர். அதன் நுண்ணிய தூண்களிடையே குருதி பாயும்போது சிறிய சிவப்பணுக்கள் விலகிவிடும். எஞ்சியவை வளைந்த வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கும். பின்னர், காந்தத்துகள் ஒட்டிய வெள்ளணுக்களைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். பகையை நேரே பிடியாது, பகையல்லாதவற்றை நீக்குவதே இதன் சிறப்பு. புற்றணுக்கள் ஊறின்றி உயிரோடு கிடைக்கும்.

ஆயினும், கண்டறிதல் வேறு, குணப்படுத்தல் வேறு. மருந்தூட்டத் தொடங்கிய பின்னும் இவ்வணுக்கள் குறையாத மார்பகப் புற்றுநோயாளர்க்கு உடனே வேறு மருந்து அளித்துப் பார்த்தனர். அதனால் அவர்தம் வாழ்நாள் நீளவில்லை என்பது 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. பகை இருப்பதை அறிந்தால் மட்டும் போதாது. அஃது எம்மருந்துக்கு அடங்கும் என்பதும் அறிதல் வேண்டும். அவ்வாண்டிலேயே, நோயாளரின் குருதியிற் பிரித்த அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பல மருந்துகளை அவற்றின்மேற் சோதித்தனர். தோல்வி கண்ட இடத்திலேயே அடுத்த வினாவை எழுப்புவது அறிவியலின் இயல்பு.