டைம்ஷேர்: வாரமா, பாயின்ட்டா?

பள்ளி விடுமுறை பார்த்தே ஊருக்குக் கிளம்பும் குடும்பமா? விடுமுறை அறையைப் பலர் பங்கிட்டு வாங்கும் அமெரிக்க டைம்ஷேரில், ஆண்டுதோறும் அதே வாரம் கிடைக்கும் நிலையான வாரம்தான் உங்களுக்குச் சரி. வாரங்களுக்கு 1 முதல் 52 வரை எண் உண்டு. 52-ஐ வாங்கினால் ஆண்டுக் கடைசியில் அறைக்கு அலைய வேண்டாம்.

வாரத்துக்குப் பதில் பாயின்ட் வாங்கி, அதைக் கழித்துத் தங்கும் முறையில் நாளையும் ஊரையும் மாற்றலாம், ஆனால் முந்திக்கொள்ள வேண்டும். இம்முறையில் இயங்கும் டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில், நீங்கள் பாயின்ட் வாங்கிய சொந்த ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்பே பதியலாம். மற்றவற்றுக்கு 7 மாதம்தான். பண்டிகை நாளில் அதே அறைக்குப் பாயின்ட்டும் கூடுதலாகக் கழியும்.

எதுவானாலும், போகாத ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். விற்பனைக் கூட்டத்தில் தரும் பரிசுக்காக அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா? ஃபுளோரிடாவில் வாங்கியதென்றால், 10 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம்.