திண்ணையில் வைக்கும் துண்டு

அன்புள்ள கயல்விழிக்கு,

சித்தப்பா எழுதுவது. "ஒரே எச்.ஐ.வி. கிருமிதானே? மருந்து வராத காலத்தில் சிலர் சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டார்கள், சிலர் இருபது ஆண்டு நடமாடினார்களே, அதெப்படி?" என்று போனில் கேட்டாய். அவசரத்தில் சொல்லும் பதில் அல்ல அது.

விடையின் ஒரு பகுதி நம் ஆறாவது குரோமோசோமில், எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டத்தில் இருக்கிறது. செல் தனக்குள் உருவாகும் புரதங்களை நறுக்கி, துண்டுகள் சிலவற்றை எச்.எல்.ஏ. என்னும் தட்டில் ஏந்தி வெளித்திண்ணையில் வைக்கும். ரோந்து வரும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் எட்டிப் பார்க்கும். வீட்டுத் துண்டு என்றால் போய்விடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

தட்டு ஆளுக்கு ஆள் வேறு. அதன் குழிக்குப் பொருந்தும் துண்டுதான் அதில் உட்காரும். எச்.ஐ.வி.யோ ஓயாமல் வேஷம் மாற்றும் கிருமி. தட்டு அதன் சட்டையைக் காட்டிக்கொடுத்தால் சட்டையை மாற்றித் தப்பிவிடும். பி57, பி27 வகைத் தட்டுகள் பிடிப்பது, கிருமியின் உட்கூட்டைக் கட்டும் 'காக்' புரதத் துண்டுகளை. அது முதுகெலும்பு மாதிரி. அதை மாற்றினாலும் தப்பலாம்தான். ஆனால் கூன் விழும், பெருகும் வேகம் குறையும். பி35-இன் சில வகைகள் உள்ளவர்களிடமோ நோய் விரைந்து முற்றியது.

2010இல் ஓர் ஆய்வு, மருந்தின்றியே கிருமியை அடக்கிவைத்திருந்த சுமார் ஆயிரம் பேரின் மரபணுத் தொகுதியை, அடக்க முடியாதவர்களுடையதோடு ஒப்பிட்டது. உறுதியாகத் தென்பட்ட வேறுபாடுகள் எல்லாம் அந்த ஆறாவது குரோமோசோமிலேயே இருந்தன. தட்டுக் குழியின் ஒருசில அமினோ அமிலங்களே முக்கியமாக நின்றன.

வாசலிலேயே தடுக்கும் மரபணுவும் உண்டு. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட பிரதி இரண்டும் வாய்த்தவர்களின் செல்லில் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் நுழைய முடியாது. ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அப்படி. நம்மிடம் அது மிக அரிது.

இதைப் படித்துவிட்டு 'நல்ல மரபணு' என்று சொல்லிவிடாதே. எச்.ஐ.வி.யை மடக்கும் அதே பி27, முதுகெலும்பு இறுகும் வாத நோய்க்கும் இடம் கொடுக்கிறது. பி57 இருந்தும் நோயுற்றவர்கள் பலர். அதனால்தான் மரபணு பார்த்துக் காத்திருப்பதில்லை. தொற்று உறுதியான எல்லோருக்கும் கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை, நம் அரசு மையங்களில் இலவசமாகவே. தட்டு பிறப்பில் வந்தது. மாத்திரை எல்லோருக்கும் பொது.

அன்புடன்,
சித்தப்பா