காற்றா, எண்ணெயா?

கேள்வி: 1964 இம்பாலா காரை ஏற்றி இறக்க ஏர் சஸ்பென்ஷன் நல்லதா, ஹைட்ராலிக்ஸ் நல்லதா?

பதில்: நெடுந்தூரம் ஓட்டுவீர்கள் என்றால் ஏர்தான். ரப்பர் பைக்குள் இருக்கும் காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்வதால் பயணம் மெத்தென்று இருக்கும். டேங்கில் தேங்கும் ஈரத்தை மட்டும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

ஹைட்ராலிக்ஸின் கதை வேறு. எண்ணெய் அமுங்காது, அதனால்தான் பொத்தானைத் தட்டியதும் கார் துள்ளுகிறது. ஆனால் பம்புகளும் வரிசையாகப் பாட்டரிகளும் டிக்கியை நிறைத்துவிடும். சேஸிஸை வலுப்படுத்தாமல் துள்ளவிட்டால் விரிசல் காணும். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தக் கூடாது என்ற அன்றைய கலிஃபோர்னியாச் சட்டத்தைச் சமாளிக்கத்தான் 1959-ல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக்ஸ் பொருத்தினார். காரைத் தாழ்த்தி ஓட்டும் லோரைடர் கலாசாரம் அதைத் தனதாக்கிக்கொண்டது. அந்தத் துள்ளலுக்காகவே இம்பாலா வாங்கியிருந்தால் தயங்காமல் ஹைட்ராலிக்ஸ் போடுங்கள். எதைப் போட்டாலும் கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கி எறியாதீர்கள்.