சைலன்சர் குழாயை எதால் அறுப்பது?

கேள்வி: காரின் சைலன்சர் குழாய் துருப்பிடித்துவிட்டது. வீட்டிலேயே அறுத்து எடுக்க கிரைண்டர் வாங்கவா, ஹேக்ஸா போதுமா?

பதில்: ஒரே ஒரு வெட்டுதான் என்றால் ஹேக்ஸாவே போதும். குழாயின் தகடு மெல்லியது. அதனால் அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள பிளேடு போடுங்கள். 18 பல் பிளேடு விளிம்பில் மாட்டிப் பல்லுடையும். கை வலிக்கும், காருக்குக் கீழே படுத்து அறுத்தவருக்குத் தெரியும்.

வேகம் வேண்டுமானால் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரும் 1 மி.மீ. கட்டிங் வீலும் சரி. வீலில் அச்சிட்ட வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையக் கூடாது. வீலை மூடும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஆனால் தீப்பொறி பெட்ரோல் டேங்க் பக்கம் பறக்கும் இடமென்றால் கிரைண்டரை மறந்துவிட்டு ஹேக்ஸாவுக்கே திரும்புங்கள்.

வெட்டு நேராக வர, குழாயைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் விளிம்பை ஒட்டி அறுக்கலாம். அறுபடும் பகுதிக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். தொங்கினால் வீலைக் கவ்வும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். கண்ணாடி போடுங்கள். குழாய் ஆறியபின் தொடங்குங்கள்.