முத்துக்கரையின் நினைவுகளைச் சேமிப்பது எப்படி?

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் என்ற ஓர் அறிஞர் தாமிரபரணியின் தென்கரைக்கு வந்தார். ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தோண்டினார். கிடைத்த பானைகளும் இரும்புக் கருவிகளும் பெர்லின் நகருக்குக் கப்பலேறின. பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் சில ஆண்டுகள் அங்கே தோண்டினார். அவர் கண்டெடுத்த வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. புன்னைக்காயலில் பணியாற்றிய அன்றீக் அடிகளார் எழுதி 1586-ல் அச்சான ‘அடியார் வரலாறு’ நூலின் ஒரு படி ரோம் நகரில், வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்து மாணவர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றைக் கண்ணால் பார்க்க விரும்பினால் சென்னைக்கும் பெர்லினுக்கும் ரோமுக்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும்! 2023-ல் ஆதிச்சநல்லூரிலேயே தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் முன்பே வெளியே போன பொருள்கள்?

பொருள் திரும்பி வராவிட்டாலும் அதன் துல்லியமான படம் வரலாம். அந்தப் படத்தை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் ஏற்றுவதைத்தான் இலக்கமுறைப் பதிவு என்கிறோம். டிஜிட்டல் என்றால் உங்களுக்கு உடனே புரியும்.

இதையெல்லாம் செய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. சிறு நல்கைகள் என்று ஒரு வகை உண்டு. ஊரில் உள்ள தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து, இன்ன பொருளை இத்தனை மாதத்தில் பதிவு செய்கிறோம் என்று எழுதிக் கேட்டால், கருவிகளுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவைத் தருவார்கள். விக்கிப்பீடியாவுக்குப் பின்னணியில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை இவ்வாறு 500 முதல் 5,000 டாலர் வரை விரைவு நல்கை அளிக்கிறது. நம் பணத்தில் சுமார் நாற்பதாயிரம் ரூபாயில் தொடங்கி நான்கு இலட்சத்துக்கு மேல். 2018-ல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் எழுதும் தன்னார்வலர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் கொடுத்த ஒரு திட்டமும் நடந்தது; தமிழர்களும் அதில் பயன்பெற்றார்கள். இதைவிடப் பெரிய நல்கைகளை பிரிட்டிஷ் நூலகத்தின் ‘ஆபத்திலுள்ள ஆவணங்கள் திட்டம்’ 2004 முதல் வழங்கி வருகிறது. 400-க்கும் மேற்பட்ட பணிகளுக்கு அது உதவியிருக்கிறது. அதன் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, படியின் ஒரு பிரதி உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும். ஜாகோர் காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால்!

கடலுக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படியே கிடையாது. 2005-ல் ஈழத்துத் தன்னார்வலர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற பெயரில் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினார்கள். அங்கே எண்ணிமப்படுத்தல் என்று சொல்கிறார்கள், அழகான சொல். உலகெங்கும் உள்ள தமிழர்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகளால் வளர்ந்த அந்தத் தளத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன.

இனி, இதன் அறிவியலுக்கு வருவோம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உள்ள ஓர் ஓலை உங்கள் முன் இருப்பதாகக் கொள்வோம். அதில் எழுத்தாணியின் கீறல் 0.2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிப் படம் என்பது சிறுசிறு சதுரப் புள்ளிகளின் வரிசை. கோலத்தில் புள்ளிகள் நெருங்கினால் நுணுக்கமாக வரையலாம் அல்லவா? அதுபோலத்தான். ஒரு கீறல் படத்தில் தெரிய வேண்டுமானால் அதன் அகலத்துக்குள் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது விழ வேண்டும். ஆகவே ஒரு புள்ளியின் பக்கம் 0.1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; எனவே அங்குலத்துக்கு 254 புள்ளிகள் வேண்டும். கொஞ்சம் பாதுகாப்பாக 300 என்று வைப்போம்.

நம் ஓலை ஏறத்தாழ 15.75 அங்குல நீளம், 1.38 அங்குல அகலம். பெருக்கிப் பாருங்கள். நீளவாக்கில் 4,725, அகலவாக்கில் சுமார் 413. மொத்தம் 19.5 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் இடம். எனவே ஓலையின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 58 இலட்சம் பைட். நூறு ஓலை கொண்ட சுவடிக்கு இருநூறு பக்கம். அதாவது 1.2 ஜி.பி. வரை. புள்ளிகளை அங்குலத்துக்கு 600 ஆக்கினால் இடம் இருமடங்காகாது, நான்கு மடங்காகும். ஏன்? நீளத்திலும் இருமடங்கு, அகலத்திலும் இருமடங்கு!

உங்கள் வீட்டுக் கைபேசி இதற்குப் போதுமா? 12 மெகாபிக்சல் கேமராவில் நீளவாக்கில் 4,000 புள்ளிகள். 40 செ.மீ. ஓலை முழுவதையும் ஒரே படத்தில் எடுத்தால் சரியாக மில்லிமீட்டருக்குப் பத்துப் புள்ளிதான் கிடைக்கும். கீறல் 0.2 மி.மீ.க்குக் கொஞ்சம் மெலிந்தாலும் எழுத்து மங்கிவிடும். ஓலையை இரண்டு பாதியாக, நடுவில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுங்கள். ஒரு படத்தில் 22 செ.மீ. மட்டும் வந்தால் அங்குலத்துக்கு 460 புள்ளி கிடைத்துவிடும். விலை உயர்ந்த கருவியை எண்ணி ஏங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நல்கை கேட்டு எழுதும் மனுவிலும் இந்தக் கணக்குத்தான் முதலில் இருக்க வேண்டும்.

ஓலை தட்டையானது. கல்வெட்டு அப்படியல்ல. காயல்பட்டினத்தில் அரபு எழுத்துப் பொறித்த பழைய மீசான் கற்கள் இருக்கின்றன. கடற்காற்றில் உப்பு உண்டு என்பது உப்பளங்களுக்கு நடுவே வாழும் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரத்தோடு கரைந்த உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் புகுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு உள்ளேயே படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் துளையின் சுவரை அழுத்துகிறது. மறுபடி ஈரம், மறுபடி வெயில். கடைசியில் மேற்பரப்பு ஏடு ஏடாக உதிர்கிறது. எழுத்து இருப்பது அந்த மேற்பரப்பில்தானே!

தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் படமெடுத்தால் ஒன்றும் தெரியாது. மாலையில் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். 1 மி.மீ. மேடு ஒன்றின் மேல் ஒளி 60 பாகைச் சாய்வில் விழுந்தால் நிழலின் நீளம் 0.6 மி.மீ. கூட இல்லை. அதே ஒளி 10 பாகையில் விழுந்தால் நிழல் 5.7 மி.மீ. நீளும். உங்கள் முக்கோணவியல் அட்டவணையில் டேன் மதிப்பைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நாற்பது ஐம்பது இடங்களுக்கு நகர்த்திப் படமெடுத்து, அவற்றைக் கணிப்பொறியில் ஒன்றுசேர்க்கும் முறையை 2001-ல் அமெரிக்காவில் மால்ஸ்பெண்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். பிறகு திரையிலேயே விளக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்திக் கல்லைப் படிக்கலாம்.

ஆதிச்சநல்லூர்த் தாழி போன்ற பருப்பொருளுக்கு வேறு வழி. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். தூரத்துச் சுவர் அவ்வளவாக நகராது. அருகில் உள்ளது அதிகம் நகரும், தொலைவில் உள்ளது குறைவாக நகரும். தாழியைச் சுற்றி வந்து, அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுபது எண்பது படங்கள் எடுத்தால், எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கணிப்பொறி கணக்கிட்டு முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். இதற்கான இலவச மென்பொருள்களே உண்டு. ஆனால் ஒன்று. படங்கள் வடிவத்தைத் தருமே ஒழிய அளவைத் தரமாட்டா. பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் ஆளுயரத் தாழியும் குழந்தையின் சொப்பும் கணிப்பொறிக்கு ஒன்றுதான்.

அருங்காட்சியகங்களில் இப்போது கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு பழங்காலத்துக்குள் நடந்து பார்க்கும் காட்சிகளுக்கு மவுசு அதிகம். என்னைக் கேட்டால், தூத்துக்குடியில் முதல் ரூபாயைச் செலவிட வேண்டியது அதற்கன்று; ஒலிப்பதிவுக்குத்தான்.

காரணம் சொல்கிறேன். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1955-ல் தொடங்கிய தொடரின் முடிவு அது. பிறகு சிப்பிகள் போதிய அளவு விளையவில்லை. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே கரையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது வேறு கதை. காலில் கல்லைக் கட்டிப் பத்துப் பாகம் ஆழத்துக்கு, அதாவது சுமார் 18 மீட்டர், ஒரே மூச்சில் இறங்கிய இருபது வயது இளைஞர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். தோலாயிரம் பார் எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்த மாதத்தில் எப்படித் திரும்பும், கயிற்றை எத்தனை முறை இழுத்தால் மேலே தூக்குவார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் உள்ளது. ஜேம்ஸ் ஹார்னெல் 1905-ல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றியும் 1914-ல் சங்கைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவை அதிகாரி ஒருவர் கண்டு எழுதியவை. குளித்தவர் சொல்வது வேறு. மரத்தோணி கட்டும் ஓடாவிமாரின் கணக்குகளும் இப்படியே. கண்ணளவிலும் கையளவிலும் கட்டிப் பழகியவர்கள் அவர்கள்.

குரலை எண்ணாக்குவதும் ஓலையை எண்ணாக்குவது போலத்தான். இங்கே இடத்துக்குப் பதில் காலத்தைத் துண்டாக்குகிறோம். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட் ஒதுக்கினால், ஒரு மணி நேரப் பேச்சுக்கு 34.56 கோடி பைட். ஒரு சாதாரண நினைவட்டையில் நூறு மணி நேரம் அடங்கும். செலவு மிகக் குறைவு. சட்டையில் குத்தும் ஒரு சிறு ஒலிவாங்கி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரையில் பேசினால் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். “தாத்தா, இதை மற்றவர்களும் கேட்கலாமா?” என்று முதலில் அனுமதி கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் கூடாது என்றால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

பதிவு செய்தாயிற்று. பத்திரமாக இருக்குமா? 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகளைத் திருடர்கள் தாக்கி முடக்கினார்கள். உலகெங்கிலிருந்தும் சேர்த்த இலட்சக்கணக்கான படங்களை இணையத்தில் பல மாதங்கள் பார்க்க முடியவில்லை. உள்ளூரிலும் ஒரு பிரதி வேண்டும் என்ற விதியின் அருமை அப்போது தெரிந்தது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையினரின் வழக்கம். 2004 சுனாமியை நினைவில் வைத்திருக்கும் கரைக்கு ‘வேறு ஊர்’ ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரதிகள் கெடாமல் இருக்கின்றனவா என்று அறிய ஓர் உபாயம் உண்டு. 472915 என்ற எண்ணை எடுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 28. ஓர் இலக்கம் மாறினால் கூட்டுத்தொகை மாறும், தவற்றைப் பிடித்துவிடலாம். ஆனால் 4-உம் 7-உம் இடம் மாறினால்? கூட்டுத்தொகை அதேதான், ஏமாந்துவிடுவோம். ஆகவே ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 4+14+6+36+5+30 = 95. இடம் மாற்றிய 742915-க்கு 92 வரும். அகப்பட்டுக்கொண்டது! கணிப்பொறியில் இதைவிடப் பன்மடங்கு கடினமான கணக்கால் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு ‘விரல் ரேகை’ எடுத்து வைப்பார்கள். ஆண்டுக்கொருமுறை மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படி, உழக்கு, வெற்றிலைப் பெட்டி எதுவானாலும் சரி. பளபளக்கும் பொருள் வேண்டாம். ஒளி எதிரொளித்துக் கணக்கைக் குழப்பிவிடும். அதன் பெயர், உங்கள் ஊரில் வழங்கும் வேறு பெயர், யாருடையது, எங்கே வாங்கியது, படமெடுத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதைச் சுற்றி 10 பாகைக்கு ஒன்றாக 36 படங்கள் எடுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒன்று, எடுத்துவிட்டு அதே இடத்திலிருந்து ஒன்று என மேலும் இரண்டு படங்கள் எடுங்கள். அளவுகோல் இல்லாத படத்தை மட்டும் வகுப்பில் பத்துப் பேரிடம் காட்டி, பொருளின் உயரம் எத்தனை செ.மீ. என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து விடைகளின் சராசரியையும் உண்மையான உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.