கடல் காற்றுக்கு அசராத அரளி

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் ரோஜா வைப்பார்கள். அது போனதும் செம்பருத்தி. அதுவும் இலை கருகி நின்ற பிறகுதான் அரளியின் நினைப்பு வரும். நேராக அரளிக்கே வந்துவிடலாம் என்பது என் கட்சி. அதன் இலை தடித்தது. அடிப்புறத்துச் சுவாசத் துளைகள் மயிர் மூடிய சிறு குழிகளுக்குள் பதுங்கியிருக்கும். எவ்வளவு காற்றடித்தாலும் ஈரம் லேசில் வெளியேறாது. லேசான உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடுக்குப் பூ அழகுதான், ஆனால் வாடிய பிறகும் காம்பிலேயே ஒட்டிக்கொண்டு பழுப்பேறித் தொங்கும். ஒற்றை அடுக்குப் பூ தானே உதிர்ந்துவிடும். துர்க்கைக்குச் சாத்தச் செவ்வரளி வேண்டுமென்றாலும் ஒற்றையே போதும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுச் செடியில் பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் செம்மண்ணும் கலந்த நாற்றுப்பையில் பாதி ஆழம் ஊன்றி நிழலில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். தண்ணீர் பாட்டிலில் போட்டாலும் வேர் விடும். ஆனால் அந்தத் தண்ணீரும் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

விஷத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலை, பூ, தண்டு, வேர், பால் எதுவும் விலக்கல்ல. வயிற்றுக்குள் போனால் இதயத் துடிப்பையே குலைக்கும். காய்ந்த இலையும் அப்படித்தான். வெட்டும்போது கையுறை போடுங்கள், பால் கண்ணில் படவிடாதீர்கள். வெட்டிய கிளைகளை எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். ஆடு மாடு நுழையாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். யாராவது மென்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் இப்போதைக்கு அரளி வேண்டாம்.

நடுவதற்கு ஒன்றரை அடிக் குழி போதும். வெறும் கடல் மணலாக இருந்தால் பாதியை அள்ளிவிட்டு, செம்மண்ணும் ஒரு கூடை மக்கிய தொழு உரமும் போடுங்கள். வேலியாக வேண்டுமென்றால் ஐந்தடிக்கு ஒன்று, தனிச் செடி என்றால் சுற்றிலும் எட்டடி விடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்காதீர்கள். கிழக்குக் கரையில் ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால், முதல் இரண்டு மாதத் தண்ணீரை வானமே பார்த்துக்கொள்ளும். பிறகு கோடையில் வாரம் ஒருமுறை வேர் நனைய ஊற்றினால் போதும். தினமும் தெளித்தால் வேர் மேலாகவே படரும், ஆழம் போகாது.

அரளிக்கு உரத்தைவிடக் கத்தரிதான் முக்கியம். பூ புதுத் துளிரின் நுனியில்தான் வரும். வெட்டாத செடி உயர்ந்துகொண்டே போய், பூவெல்லாம் உச்சியிலும் அடியில் மொட்டைக் குச்சியுமாக நிற்கும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் கவாத்து செய்யுங்கள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் வட்டமாக இருக்கும். அதற்குச் சற்று மேலே வெட்டினால் ஒரு கிளையிலிருந்து இரண்டு மூன்று துளிர்கள் வரும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைக்கலாம். கிழட்டுச் செடியைத் தரையிலிருந்து ஓரடிக்கு வெட்டினாலும் பிழைக்கும், அந்த வருஷம் பூ மட்டும் குறையும். புயலில் கருகிய நுனிகளுக்கும் இதே மருந்து.

கவாத்துக்குப் பிறகு ஒரு கூடை தொழு உரம் போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ வராது. ஆறு மணி நேரமாவது வெயில் படாத இடத்திலும் அதே கதைதான்.

இளந்துளிரில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொண்டால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். பச்சை நிறத்தில், நீலக் கண் போன்ற புள்ளிகளோடு விரல் தடிமனில் ஒரு புழு இலையைத் தின்றால் மருந்தைத் தேட வேண்டாம். அரளி அந்துப்பூச்சியின் குஞ்சு அது. சின்னச் செடி என்றால் பிடித்து அப்புறப்படுத்துங்கள். புதர் கட்டிய செடி என்றால் தின்னட்டும், தின்ற இடத்தில் மறுபடி துளிர்த்துவிடும்.